அம்மாவின் கோழிக்கு இரைப்பை கட்டிய மழைக்காலம்

கோழியின் கழுத்துக்குக் கீழே ஒரு பை இருக்கிறதே, அதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். தொடாமல் வளர்ந்தவர்கள் நம் வயதில் யாரும் இருக்க முடியாது. சாயங்காலம் கோழியைப் பிடித்து அடைக்கும்போது அந்தப் பை தானியமும் புல்லும் பூச்சியுமாகப் புடைத்திருக்கும். விடியும்போது வெறும் தோலாகச் சுருங்கிக் கிடக்கும். விடிந்த பிறகும் புடைப்பு இறங்காவிட்டால் கோழிக்கு இரைப்பை கட்டிக்கொண்டது என்று அர்த்தம். கோழி என்றால் குழம்பு என்று மட்டும் தெரிந்த இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதை ஆரம்பித்தால், கிழவிக்கு வேறு பேச்சே இல்லை என்று எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். நீங்கள் உட்காருங்கள். உங்களுக்கும் முழங்கால் வலி, அவ்வளவு சீக்கிரம் எழுந்து ஓட மாட்டீர்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் நமுனுகுல மலைச் சரிவில் இருந்தது. ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். எங்கள் காம்பராவில் அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். அந்த வருஷம் அப்பா இல்லை. தோட்டத்துக்கு ஆள் கூட்டி வரச் சொல்லிப் பெரிய கங்காணி அவரையும் இன்னொரு ஆளையும் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பியிருந்தார். பதுளைக்கு அப்போது ரயில் வந்திருக்கவில்லை. பண்டாரவளை வரை நடந்து போய்த்தான் ஏற வேண்டும்.

போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அப்பா பதுளைச் சந்தையிலிருந்து ஒரு விடைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். செம்பழுப்பு நிறம், கழுத்தில் மட்டும் கறுப்பு. சந்தையிலிருந்து மலையேறி வருவதற்குள் அது அவர் வேட்டியை நாசமாக்கியிருந்தது. அத்தை அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அடுத்த காம்பராக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

"நான் திரும்பி வர்றப்ப இது குஞ்சும் குளுவானுமா நிக்கணும், பாத்துக்க" என்றார் அப்பா.

"கம்பளிய எடுத்துக்கிறலையா?" என்று அம்மா கேட்டாள்.

"ஊரு வெயிலுக்குக் கம்பளிய போத்துனா கருவாடாத்தான் திரும்பி வருவேன். இங்கேயே கெடக்கட்டும்."

அந்தக் கம்பளியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் வேலை செய்யும்போது தலையிலிருந்து முதுகு வரை போட்டுக்கொள்வோமே, அந்தக் கறுப்புக் கம்பளிதான். ஆட்டு முடியும் அடுப்புப் புகையும் அப்பாவின் சுருட்டும் கலந்த வாசனை அதில் இருக்கும். ஈரமானால் வாசனை இன்னும் கூடும். இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ போர்வை போர்த்திவிட்டேன். அந்த வாசனைக்காக இப்போதும் சில விடியற்காலைகளில் மூக்கு தானாகத் தேடுகிறது. கிடைப்பதில்லை.

அப்பாவுக்கு எழுதத் தெரியாது, அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. போனவர் போன இடத்தில் எப்படி இருக்கிறார் என்று அறிய வழி கிடையாது. அதனால் அம்மா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். வேலை விட்டு வந்ததும் கூடையைக்கூட இறக்காமல் கோழியைப் பிடிப்பாள். இரைப்பையைத் தடவிப் பார்ப்பாள். புடைத்திருந்தால் அவள் முகம் மலர்ந்துவிடும்.

"ஒங்கப்பா சாப்பிட்டாரு" என்பாள் என்னிடம்.

முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். வாரங்கள் போகப் போக விளையாட்டு நின்றுவிட்டது. அவர் வாங்கிக் கொடுத்த உயிர் இங்கே இரை எடுத்தால் அங்கே அவரும் சாப்பிடுகிறார், இது நடமாடினால் அவரும் நடமாடுகிறார், இது கண்ணை மூடினால் அவருக்கு ஆகாது. வெளியே சொல்லாவிட்டாலும் இதை அம்மா முழுசாக நம்பினாள். அம்மா நம்பியதை நானும் நம்பினேன். அத்தை மட்டும், "எங்கண்ணன் என்ன கோழியா?" என்று கேட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது தன் பங்குச் சோற்றில் ஒரு பிடியை அதற்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. நம் பக்கத்து மழை தெரியுமே, எதிர் மலை காணாமல் போய்விடும், அடுப்புப் புகை வெளியே போகாது, போட்ட துணி காயாது. கோழியைப் பகலிலும் வெளியே விட முடியவில்லை. அடுப்பு மூலையில் மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் வைத்தோம். குளிர் தாங்காதே என்று அம்மா பஞ்சாரத்தின் மேல் அப்பாவின் கம்பளியைப் போர்த்தினாள். அவருடைய கோழிக்கு அவருடைய கம்பளி என்று அவளுக்கு அதில் ஒரு திருப்தி.

அதற்குப் பிறகு ஒரு நாள் விடியற்காலையில், பெரட்டுக்குப் போகக் கிளம்பும்போது, அம்மா கோழியைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரைப்பை இறங்கவில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் நேரத்துக்குள் போகாவிட்டால் அன்றைய வேலை போய்விடும் என்று அத்தைதான் அவளைத் தூக்கி நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பை கல் மாதிரி இருந்தது. கோழி கழுத்தை வளைத்து வளைத்து எதையோ விழுங்கப் பார்த்தது. வாயைத் திறந்தால் பழைய கஞ்சி புளித்த நாற்றம்.

இங்கேதான் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வருகிறாள். உறவுக்காரி இல்லை, பக்கத்தில் இருந்ததால் பெரியம்மா. அவளுடைய கோழிகள் எல்லாம் கழிச்சல் கண்டு செத்திருந்தன. இரண்டு நாளைக்கு முன்னால் தீ வாங்க எங்கள் காம்பராவுக்கு வந்தவள், பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்து, "அடியாத்தி, பையி எப்புடி புடைச்சிருக்கு பாரு! ராசாத்தியாட்டம் தின்னிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போதாதா? தன் கோழிகளைப் பறிகொடுத்தவள் கண் வைத்துவிட்டாள் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள்.

பெரியம்மா வாசல் மண்ணை எடுத்து வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். பெரியம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரிலேயே ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு நான் ஓடி வந்தேன். மண், உப்பு, வற்றல் மிளகாய் எல்லாம் சேர்த்துக் கோழியைச் சுற்றி அடுப்பில் போட்டாள் அம்மா. நெடி வராவிட்டால் கண் பட்டது நிச்சயம் என்பார்களே. காம்பரா முழுக்க நெடி. அத்தை இருமினாள், நான் இருமினேன், கோழி தும்மியது. கண்ணில் தண்ணீர் வழிய இருமிக்கொண்டே அம்மா சொன்னாள், "பாத்தியா, நெடியே வரலை." அன்றிலிருந்து பெரியம்மாவோடு பேச்சு இல்லை. ஒரு சுவர்தான் நடுவில், அவள் கரண்டி சத்தம் எங்களுக்குக் கேட்கும், எங்கள் இருமல் அவளுக்குக் கேட்கும்.

வைத்தியம் என்று எது உண்டோ எல்லாம் நடந்தது. வெதுவெதுப்பான எண்ணெய் தடவி அத்தை அந்தக் கல்லை மெல்ல மெல்லப் பிசைவாள். பிறகு கோழியைத் தலைகீழாகப் பிடித்துக் கழுத்துப் பக்கம் தள்ளிவிடுவாள். புளித்த தண்ணீர் கொட்டும். பை கொஞ்சம் இளகும். மறுநாள் கோழி இரண்டு பருக்கை கொத்தும், அம்மாவுக்கு உயிர் வரும். குளிர் பட்டு மறுபடி கட்டிவிடப் போகிறது என்று கம்பளியை இரண்டு மடிப்பாகப் போர்த்துவாள். அதற்கு மறுநாள் பை மறுபடி கல்லாகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து மருந்துக்காரர் லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விளக்கெண்ணெய் ஊற்ற வந்தார். ஞாபகம் இருக்கிறதா அந்தக் கரண்டி? கோழிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் இளகும் என்று அத்தை சொல்லியிருந்தாள். எனக்கு ஊற்றிய உடனே பின்னால் நின்றவன் தரையில் விழுந்து புரண்டான். மருந்துக்காரர் அவன் பக்கம் திரும்பினார். நான் விழுங்காமல் கன்னம் இரண்டும் உப்ப ஓட்டம் பிடித்தேன். வழியில் கண்டவர்கள் எல்லாம் எங்கே ஓடுகிறாய் என்று கேட்கிறார்கள், பதில் சொல்ல வாய் இல்லை. அத்தை கோழியின் அலகைத் திறந்து பிடித்தாள். உமிழப் பார்த்தால் பாதி எண்ணெய் எனக்குள்ளேயே போய்விட்டது. அன்று ராத்திரி அந்த மருந்தால் குணம் கண்டது கோழி இல்லை, நான்தான். அவ்வளவு கவலைக்கு நடுவிலும் அம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் அதற்கப்புறம் அதிகம் பார்க்கவில்லை. இன்னும் ஒரு தடவை பார்க்க முடியும் என்றால் அந்தக் கரண்டியை நிறையவே குடிப்பேன்.

கோழி மெலிந்து நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டது. கழுத்தில் மட்டும் அந்தக் கல். அம்மாவும் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். அவர் அங்கே பட்டினி கிடக்கும்போது தான் எப்படிச் சாப்பிடுவது என்று அவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள். திரும்பி வந்தபோது பக்கத்துக் காம்பராப் பெரியம்மா கூட வந்தாள். கையில் நாவிதர் வீட்டிலிருந்து வாங்கிய சவரக் கத்தி.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணு வச்சவ கையாலயே கிழிக்கச் சொல்றாளே ஒன் நாத்தனா" என்றாள் பெரியம்மா. "நான் ஊருல எங்காத்தா செய்யப் பாத்திருக்கேன். பொழைச்சாலும் பொழைக்கும், போனாலும் போகும். சம்மதம்னா கோழிய புடி. இல்லாட்டி நான் போறேன்."

அம்மாவுக்கு அங்கே துடித்துக்கொண்டிருந்தது கோழியா, கோழி மட்டுமா? கடைசியில் எழுந்து வந்து, பஞ்சாரத்தை நீக்கி, கோழியைத் தன் மடியில் மல்லாக்கப் படுக்க வைத்தாள்.

"மெல்லங்க அக்கா" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

பெரியம்மா இறகைப் பிடுங்கி, மஞ்சள் தண்ணீரால் துடைத்து, மேல் தோலைக் கீறினாள், பிறகு உள்ளே இருந்த பையைக் கீறினாள். அதிக ரத்தம் வரவில்லை. இரண்டு விரலை விட்டு எதையோ இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது. கறுப்பாக, சுருண்டு, புல்லும் பருக்கையும் பின்னிக்கொண்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை.

"தையலுக்கு நூலு ஆகாது, அறுத்துரும்" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா கையை நீட்டி அம்மாவின் தலையிலிருந்து நீளமான முடி சிலவற்றைப் பிடுங்கினாள். அம்மா அசையவில்லை. அந்த முடியை ஊசியில் கோத்துப் பையை முதலில் தைத்தாள், தோலைப் பிறகு தைத்தாள். கோழி ஒரு தடவை கண்ணை மூடியது. அம்மாவின் மூச்சு நின்றதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். பிறகு அது கண்ணைத் திறந்து எங்களைக் கோபமாகப் பார்த்தது.

உருண்டையை அத்தை தண்ணீரில் அலசிப் பிரித்தாள். இழை இழையாக வந்தது. அம்மா அதில் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள், முகர்ந்தாள். ஓடிப்போய் அப்பாவின் கம்பளியை எடுத்து உதறி வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். பஞ்சாரத்தின் மூங்கில் இடுக்கு வழியாக உள்ளே தொங்கிய பக்கம் முழுக்க ஓட்டை. மழை விடாத அத்தனை பகலும் அது உள்ளே உட்கார்ந்து, அடுப்பு வெளிச்சத்தில் இழையைப் பூச்சி என்று நினைத்தோ, பொழுது போகாமலோ, கொத்தி விழுங்கியிருக்கிறது. நோய் கூடக் கூட நாங்கள் மடிப்பைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பக்கத்துக் காம்பராக்காரியின் கண்ணைச் சந்தேகப்பட்டோம், வாசல் மண்ணைச் சுட்டோம். கோழியின் மேல் நாங்களே போர்த்தியதை ஒருத்தராவது தூக்கிப் பார்க்கவில்லை. அம்மா பெரியம்மாவின் காலைத் தொடக் குனிந்தாள். பெரியம்மா காலை இழுத்துக்கொண்டு, "அதெல்லாம் வேணாம் புள்ள. கம்பளிய எடுத்து ஒசரத்துல வையி. ஒரு வாய் தேத்தண்ணி குடு, தொண்டை காயுது" என்றாள்.

கோழி பிழைத்தது. கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு, பிறகு குறுணை. ஒரு நாள் விடியற்காலையில் பை சுருங்கி வெறும் தோலாக இருந்தது. அம்மா அன்று பெரட்டுக்குப் பாடிக்கொண்டே போனதாக அத்தை சொன்னாள்.

மழை விட்டு வெயில் வந்ததும், அப்பாவோடு போன ஆள் மட்டும் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் வாசலில் நின்று தலைத்துணியைக் கழற்றினார். கப்பல் ஏறும் கரையில் இருந்த முகாமில் வாந்திபேதி கண்டதாம். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். மற்றவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம்.

அத்தை "அண்ணே" என்று அலறிக்கொண்டு தரையில் விழுந்தாள்.

அம்மா கேட்டாள், "செத்தத நீங்க பாத்தீங்களாண்ணே?"

"பாக்கல தங்கச்சி. ஆனா அப்புடித் தூக்கிட்டுப் போனவங்க யாரும்..."

"பாக்கலைல்ல. உள்ள வாங்க, கை கால கழுவுங்க, சாப்பிடலாம்."

அவர் சாப்பிடாமல் போய்விட்டார். அம்மா முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழியைப் பிடித்து இரைப்பையைத் தடவினாள். சாயங்கால நேரம், நன்றாகப் புடைத்திருந்தது. "சாப்பிட்டிருக்காரு" என்றாள் என்னைப் பார்த்து.

தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. லயம் முழுக்கப் பேசியது. அண்ணனுக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யவிடாமல் அவர் ஆத்மாவை அலைய விடுகிறாள் என்று அத்தை சண்டை போட்டாள். "கோழி உசுரோட இருந்தா எங்கண்ணன் உசுரோட இருக்காருன்னு அர்த்தமா? ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா அண்ணி?" என்று கத்துவாள். கடைசியில் ஒரு அமாவாசையன்று தனியாக ஓடைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகு வெகுகாலம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து, முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

அம்மாவுக்குப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு. கொழுந்து எடுப்பதில் அவள் கையை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தப் பைத்தியம் அப்படி வேலை செய்யும்? நானும் பொட்டை அழித்தவள்தான். அழித்த அன்று இடம் வெறிச்சென்று குளிர்ந்ததே, அதை அனுபவித்த பிறகுதான் அம்மா எதைக் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிக்கொண்டே போனாள் என்பது எனக்குப் புரிந்தது. எனக்கும் அப்படி ஒரு கோழி கிடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

கோழிக்கு வயதானது. முட்டை நின்றது. கொண்டையின் சிவப்பு வெளுத்தது. நானும் வளர்ந்து கொழுந்துக் கூடை தூக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், அத்தைக்குப் பல்வலி, இரண்டு பேரும் பெரட்டுக்குப் போகவில்லை. அம்மா போன பிறகு பஞ்சாரத்தைத் தூக்கினால் கோழி தலையைச் சிறகுக்குள் வைத்தபடி செத்துக் கிடந்தது.

நான் அழ ஆரம்பித்தேன். அத்தை அழவில்லை. கன்னத்தில் கை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் வலியா, வேறு வலியா, தெரியவில்லை. திடீரென்று எழுந்து கோழியைச் சாக்கில் சுற்றினாள்.

"கொல்லையில ஆழமா பொதைச்சிட்டு வா. வாயத் தொறந்தே, தோலை உரிச்சிருவேன்."

நான் புதைத்துவிட்டு வருவதற்குள் அவளும் பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவும் கிளம்பிப் போய்விட்டார்கள். கீழ் லயம், அதற்கும் கீழே அடுத்த தோட்டத்து லயம் என்று வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். பொழுது சாயும்போது வீங்கிய கன்னத்தோடு அத்தை ஒரு கோழியைக் கொண்டு வந்தாள். செம்பழுப்பு நிறம், கழுத்தில் கறுப்பு. அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்ட அதே அத்தைதான்.

அம்மா வந்தாள். கூடையை இறக்கவில்லை. வழக்கம்போலக் கோழியிடம் போனாள். அது பிடி கொடுக்காமல் அடுப்பு மூலைக்கு ஓடி ஒண்டிக்கொண்டது. அத்தை நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஊதுகுழலால் ஊதிக்கொண்டே இருந்தாள். அம்மா அந்தக் கோழியை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்து, தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் குறுணையை வைத்து நீட்டினாள்.

"வா, வா. பயப்படாத. புது எடம்னா மொதல்ல அப்புடித்தான் இருக்கும்."

ஊதுகுழல் சத்தம் நின்றது.

மறுநாள் பெரட்டுக்குக் கிளம்பும்போது அம்மா குங்குமத்தைக் குழைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு அத்தையின் எதிரில் போய் நின்றாள்.

"நேரா இருக்கா பாரு" என்றாள்.

அத்தை பக்கத்தில் வந்து, விரல் நுனியால் பொட்டின் ஓரத்தைத் துடைத்துவிட்டு, "இப்ப நேரா இருக்கு அண்ணி" என்றாள்.